இசக்கிராஜா பேரில் ஏறிய கட்டுரை

பரீட்சை இல்லக்கா. பரீட்சையெல்லாம் போன மாசமே முடிஞ்சு போச்சு. இது வேற. தூத்துக்குடியில ஏறினதுல இருந்து ஒரே பக்கத்தையே பாத்துக்கிட்டு வாரேன்னு நெனைக்கீங்க, அப்படித்தானே? எட்டயபுரம் தாண்டியாச்சு, இன்னும் அதே பக்கம்தான். படிக்கேன், படிக்கேன், மண்டையில ஏற மாட்டேங்கு. சவம்.

எழுதினவன் அப்படி. அவன் எழுதினா யாருக்குத்தான் புரியும்? பேரு இசக்கிராஜா. என்கூட படிக்கிறவன், பி.எஸ்சி. வேதியியல், மூணாவது வருசம். ஓட்டப்பிடாரம் பக்கம். ஆளைப் பாத்தா வாய்ல வெரலை வச்சாலும் கடிக்கத் தெரியாத பய மாதிரி இருப்பான். நம்பிராதீங்க. எனக்கு அவன் செஞ்சதை என் எதிரிக்கும் செய்யக்கூடாது. ஆனா நான் சும்மா விடலக்கா. திருப்பிக் குடுத்தேன். மாதா மேல ஆணையாச் சொல்லுதேன், குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டுத்தான் இந்த பஸ்ல ஏறியிருக்கேன்.

மதுரை வரைக்கும்தானே நீங்களும்? அப்போ கேளுங்க.

இணையத்துல ஒரு கலைக்களஞ்சியம் இருக்குல்லா, யாரு வேணும்னாலும் எழுதலாம், யாரு வேணும்னாலும் திருத்தலாம்னு. அதுல தமிழ்ல அறிவியல் கட்டுரை எழுத காலேஜுகளுக்கு ஒரு போட்டி வச்சாங்க. மூணு பேரு ஒரு குழு. ஜெயிக்கிற குழுவுல யாரு அதிகம் எழுதியிருக்காங்களோ, அவங்களுக்கு மதுரையில ஒரு ஆய்வுக்கூடத்துல ஒரு மாசம் பயிற்சி. ஒரே ஒரு சீட்டு. அங்க இருந்து ஒரு கடிதம் வாங்கிட்டா எம்.எஸ்சி.க்கு எங்க போனாலும் மரியாதை.

எங்கப்பா ஹார்பர்ல வேலை பாக்காங்க. அவங்க சொல்லிட்டாங்க, “ரெனிட்டா, அந்தச் சீட்டு கெடச்சா மேல படி. இல்லன்னா மணப்பாட்டுக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருதேன்.” மாப்பிள்ளை கப்பல்ல இருக்கார். நல்ல மனுசன்தானாம், இருக்கட்டும். எனக்கு வேண்டாம். எனக்கு அந்தச் சீட்டுதான் வேணும். வேற வழியே கெடையாது, புரியுதா?

எங்க குழுவுல நான், இசக்கிராஜா, பேச்சியம்மா. பேச்சிக்கு வேதியியல் சுமார், தமிழ் நல்லா வரும். நாங்க எழுதினதை வாசிக்கிற மாதிரி ஆக்குறது அவ வேலை. தலைப்பு யாரு சொன்னான்னு நெனைக்கீங்க? நான்தான். “இரும்பு துருப்பிடித்தல்.” திரேஸ்புரத்துல பொறந்தவளுக்கு துருவைப் பத்தி எவனும் பாடம் எடுக்க வேண்டாம். எங்க வீட்டு கேட்டு, கொடிக்கம்பி, அம்மா இட்லிச் சட்டி அடுக்குற ஸ்டாண்டு, எல்லாம் கடக்காத்துல ஒரு மழைக்காலம் தாங்காது. மொட்டமாடியில முப்பது ஆணியை வரிசையா வச்சு முப்பது நாளு ஒவ்வொரு நாளும் போட்டோ எடுத்தேன். முப்பது நாளு. ஒரு ஆணியைக் காக்கா தூக்கிட்டுப் போயிட்டு. இருபத்தொம்பது ஆணி கணக்கு. அந்தப் போட்டோவைப் பாத்து லீலா மேடமே, எங்க பொறுப்பு மேடம், “இதுதான்டி கட்டுரைக்கு உயிரு”ன்னாங்க. கேட்டீங்களா? உயிரு.

இப்ப விசயத்துக்கு வாரேன். நாங்க மூணு பேரும் நேரா களஞ்சியத்துல எழுதல. தப்பு வந்தா அசிங்கமாப் போயிரும்னு, கூகுள் டாக்ஸ்ல ஒரு பக்கம் தொறந்து, அதுல மூணு பேரும் போன்ல தட்டித் தட்டி எழுதினோம். முடிச்சதும் மொத்தமா எடுத்து களஞ்சியத்துல ஏத்திரலாம்னு. ஏத்த வேண்டிய கடைசி நாள் இசக்கிராஜா போன் போட்டான். “ரெனிட்டா, உன் பகுதியை நீ ஏத்து, என் பகுதியை நான் ஏத்துதேன்.” எனக்கு அன்னைக்கு நெட்டு தீந்து போச்சு. வீட்டுல ஆளு வேற. “போட்டோவெல்லாம் நான் முன்னாடியே ஏத்திட்டேன், எழுத்தை நீயே ஏத்திருல”ன்னேன்.

ஏத்திட்டான். அவன் பேர்ல.

களஞ்சியத்துல ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னாடி வரலாறுன்னு ஒரு பக்கம் இருக்கும். யாரு எப்போ எத்தனை எழுத்து சேத்தாங்கன்னு நேரத்தோட போட்டிருக்கும். நடுவருங்க அதைத்தான் பாப்பாங்க. ரிசல்ட்டு வந்துச்சு. எங்க கட்டுரைதான் முதல் பரிசு. முதன்மைப் பங்களிப்பாளர் இசக்கிராஜா, தொண்ணூத்தி மூணு சதவீதம். ரெனிட்டா, போட்டோவுக்காக ஆறு. பேச்சியம்மா ஒண்ணு. ஒரு கமா போட்டிருப்பா போல.

என்னது? ஆமா, நான்தான் ஏத்தச் சொன்னேன். சொன்னேன்தான், இல்லங்கல. ஏத்துன்னா, முழுசையும் அவன் பேர்ல ஏத்தணும்னா அர்த்தம்? வேற எப்படி ஏத்துவான்னா... அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. புத்தி இருக்கிறவன் ஏதாவது வழி பாத்திருப்பான்.

கட்டுரையைப் பத்தி எழுதுறவங்க பேசிக்கிடுறதுக்குப் பேச்சுப் பக்கம்னும் ஒண்ணு உண்டு. அதுல எழுதி வச்சிருந்தானாம். இன்னின்ன பகுதி ரெனிட்டா எழுதினது, படமெல்லாம் அவளோடது, மொழிநடை பேச்சியம்மானு. அங்க போய் யாரு பாக்கா? நடுவருங்களுக்கு ஒரு மெயிலும் போட்டானாம். வரலாற்றுப் பக்கத்துல உள்ளதுதான் கணக்கு, விதி அப்படின்னு பதில் வந்துட்டாம். ஒரு மெயில் போட்டா ஆச்சா? நாலு மெயில் போட வேண்டாமா? எனக்கு வேண்டாம் இந்தச் சீட்டுன்னு எந்திரிச்சுப் போக வேண்டாமா? போகலையே. மேடம் கைகுடுத்தப்போ வாங்கிக்கிட்டான்லா.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடல. அம்மா மணப்பாட்டுக்காரங்களுக்குப் பலகாரம் என்ன செய்யலாம்னு கேக்காங்க. நெனைச்சேன், இருல, உனக்கு இருக்கு.

முதல்ல என்ன செஞ்சேன் தெரியுமா? சின்னப்புள்ளத்தனம்தான், சிரிக்காதீங்க. கட்டுரைக்குள்ள போயி துருவோட நெறம் பச்சைன்னு மாத்தினேன். அவன் கட்டுரை தப்புன்னு ஆகட்டும்னு. நாலே நிமிசம்க்கா. யாரோ யாழ்ப்பாணத்துக்காரர், ராவும் பகலும் அங்க காவலுக்கு இருப்பார் போல. பழையபடி செவப்பாக்கிட்டார். அதோட விட்டாரா? எனக்கு ஒரு கடிதம். “தங்கள் ஆர்வத்துக்கு மிக்க நன்றி. பயிற்சித் திருத்தங்களை மணல்தொட்டியில் செய்து பார்க்கவும்.” புதுசா வாரவங்க எழுதிப் பழக அங்க ஒரு பக்கம் வச்சிருக்காங்க, அதுக்குப் பேரு மணல்தொட்டி. என்னைய மண்ணுல போயி வெளையாடச் சொல்லிட்டார் மனுசன்.

அப்பதான் யோசிச்சேன். பொய்யைச் சேத்தா நிக்காது. உண்மையா ஒரு குறை வேணும். உக்காந்து கட்டுரையை வரி வரியாப் படிச்சேன். அஞ்சாவது பகுதி, “துருவைத் தடுக்கும் முறைகள்.” அதுல மூணு பத்தி அப்படியே ஒரு பழைய பாலிடெக்னிக் புத்தகத்துல இருந்து எடுத்தது. ஒரு எழுத்து மாறாது. அடுத்தவங்க புத்தகத்துல இருந்து அப்படியே எடுக்கிறது களஞ்சியத்துல பெரிய குத்தம். புது பேர்ல ஒரு கணக்கு தொறந்தேன். உண்மைவிளம்பின்னு பேரு வச்சேன். புத்தகப் பக்கத்தையும் கட்டுரைப் பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, முறையீட்டுப் பக்கத்துல போட்டேன். மரியாதையாத்தான் எழுதினேன். “நடுவர்கள் கவனத்துக்கு.” அவ்வளவுதான்.

ரெண்டு நாளு. மூணு பத்தியும் போச்சு. கட்டுரை தலையில செவப்பா ஒரு எச்சரிக்கைப் பட்டை. அவன் கணக்கை ஒரு மாசத்துக்குப் பூட்டிட்டாங்க. சீட்டு ரத்து.

எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேக்கீங்க. சரியாத்தான் கேக்கீங்க. அந்த மூணு பத்தி... சரி, உங்ககிட்ட என்ன, மதுரையில எறங்கினா நீங்க யாரோ நான் யாரோ. அதை எழுதினது நான்தான். எழுதினதுன்னா, பாத்துத் தட்டினது.

அப்படிப் பாக்காதீங்கக்கா. என் நெலமையையும் பாருங்க. மாதா கோயில் திருவிழா, பத்து நாளு. வீடு பூரா ஆளு. கொழும்புல இருந்து சித்தி குடும்பம், காயல்ல இருந்து அத்தை. நான் வெங்காயம் உரிக்கவா, துருவைத் தடுக்கவா? இவன் வேற தெனமும் மெசேஜ். “ரெனிட்டா, அஞ்சாம் பகுதி எப்போ வரும்?” கடன்காரன் மாதிரி. லைப்ரரியில ஒரு புத்தகம் எடுத்தேன், ஒரு மத்தியானம் உக்காந்து தட்டிப் போட்டேன். உடனே கேட்டான், “இது உன் நடை மாதிரி தெரியலியே, எங்க இருந்து எடுத்த?” எனக்கு எப்படி இருக்கும்? “நானே எழுதினதுதான்ல. சந்தேகமா இருந்தா நீயே எழுதிக்கோ”ன்னேன். “சரி, நீ சொன்னா சரி”ன்னுட்டான். அவனே சரின்னுட்டான்லா? அப்புறம் பொறுப்பு யாரோடது?

இதுல நான் ஒரு பொய்யும் சொல்லல பாத்துக்கிடுங்க. முறையீட்டுல இசக்கிராஜா திருடினான்னு எழுதினேனா? இல்ல. இந்தப் பத்தி இந்தப் புத்தகத்துல இருக்குன்னு மட்டும்தான் எழுதினேன். பேரு போட்டது வரலாற்றுப் பக்கம். நான் முப்பது நாளு வெயில்ல காய்ஞ்சது அவன் பேர்ல ஏறிச்சுல்லா? அப்போ இதுவும் அவன் பேர்லயே ஏறட்டும். நல்லதுக்கு ஒரு நியாயம், கெட்டதுக்கு ஒரு நியாயமா?

லீலா மேடம் எங்க மூணு பேரையும் டிபார்ட்மென்ட்டுக்குக் கூப்பிட்டாங்க. நான் தயாராப் போனேன். என்னல்லாம் கேப்பான், என்ன பதில் சொல்லணும்னு ராப்பகலா யோசிச்சு வச்சிருந்தேன். “ரெனிட்டாதான் எழுதினா மேடம்”பான். ஆதாரம் இருக்கா, வரலாற்றுப் பக்கத்துல யாரு பேரு இருக்குன்னு பாருன்னு கேக்கணும். வாய்க்குள்ளயே வச்சிருந்தேன். மேடம் கேட்டாங்க, “இசக்கி, இது யாரு எழுதின பகுதி?”

அவன் என்னைப் பாக்கக்கூட இல்ல. “நான்தான் ஏத்தினேன் மேடம்”னான்.

“ஏத்தினது தெரியும். யாரு எழுதினா?”

“நான் சரிபாத்துத்தான் ஏத்தியிருக்கணும் மேடம். என் தப்பு.”

அவ்வளவுதான். மேடம் காச்சு காச்சுன்னு காச்சினாங்க. காலேஜ் பேரே போச்சுன்னாங்க. தலையைக் குனிஞ்சு நின்னான். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஆத்திரம். இப்பவும் ஆத்திரம்தான். நான் சண்டைக்கு வந்து நிக்கேன், அவன் பாட்டுக்கு நின்னுட்டுப் போறான். காட்டிக்குடுக்க வேண்டியதுதானே? கூகுள் டாக்ஸைத் தொறந்து காட்டியிருந்தா எந்த வரியை யாரு தட்டினான்னு அதுல தெரிஞ்சிருக்கும். அது என் புத்தியில அப்போ எட்டல. அவனுக்கு எட்டாம இருக்குமா? கம்ப்யூட்டர்ல அவன் புலி.

பேச்சி சொன்னா. முறையீடு வந்த அன்னைக்கே அவனுக்கு எல்லாம் தெரியுமாம். புத்தகத்தைப் பாக்க லைப்ரரிக்குப் போயிருக்கான். காலேஜுல அது ஒரே ஒரு காப்பிதான். ரெஜிஸ்டர்ல என் பேரு, இன்னும் திருப்பிக் குடுக்காம. முறையீட்டுல போட்டோ எடுத்துப் போட புத்தகம் யாரு கையில இருந்துருக்கும்? பேச்சி என்னைக் கேட்டா, “ஏட்டி, நீ மனுசிதானா?” அவளும் அன்னையில இருந்து என்கூட சரியாப் பேசுறதில்ல. பேசாட்டி போகட்டும். ஒரு சதவீதக்காரிக்கு என்ன தெரியும் என் வலி.

இதுக்கு மேலதான் கூத்து. அவன் சீட்டு போனதும் நடுவருங்க அடுத்த ஆளைப் பாத்தாங்க. அடுத்தது நான், ஆறு சதவீதம். சீட்டு எனக்கு. ஆனா ஒண்ணு, பத்து நாளைக்குள்ள அஞ்சாம் பகுதியைச் சொந்தமா எழுதிச் சேக்கணும், இல்லன்னா எங்க கட்டுரையே போட்டியில இருந்து போயிரும். சீட்டும் போயிரும். எட்டு நாளு உக்காந்தேன்க்கா. ஒரு பத்தி வரல. எதை எழுதினாலும் அந்தப் புத்தகத்து வரிதான் வருது. ஒம்பதாம் நாளு பேச்சி ஒரு மெசேஜ் அனுப்பினா. தொறந்தா, அஞ்சாம் பகுதி முழுசா இருக்கு. மூணு பக்கம். கீழ ஒரு வரி, “அவன் எழுதினது. அவன் கணக்கு பூட்டியிருக்காம். உன் பேர்ல ஏத்திக்கிடச் சொன்னான்.”

ஏத்தினேன். பின்ன என்ன செய்ய? அப்பா புது சுடிதாரெல்லாம் வாங்கிட்டு வந்துட்டாங்க, பையெல்லாம் எடுத்தாச்சு. ஏத்தினேன். அன்னைக்கே செவப்புப் பட்டையை எடுத்துட்டாங்க. அந்த யாழ்ப்பாணத்துக்காரர் எனக்கு ஒரு பூங்கொத்துப் படம் போட்டு, “சிறப்பான பங்களிப்பு”ன்னு எழுதியிருக்கார். நன்றின்னு பதில் போட்டேன்.

அவனா? அவன் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில வேலைக்கு நிக்கான். லீவுக்கு மட்டும்தான்னு சொல்லுதாங்க. ஸ்க்ரீன் மாத்துறானாம். நிக்கட்டும். நான் பாவம் பாக்க மாட்டேன். அவன் எனக்குப் பாவம் பாத்தானா? பாத்தான்னு சொல்லாதீங்கக்கா. நீங்களும் பேச்சி மாதிரியே பேசுதீங்க. அவன் வேணும்னேதான் செஞ்சிருக்கான். என்னைய வாயத் தொறக்க விடாம, நல்லவன்னு பேரு வாங்கிக்கிட்டு, காலம் பூரா நான் அவனை நெனைச்சு நெனைச்சு வேகணும்னு. இதைவிடப் பழிவாங்கல் வேற என்ன இருக்கு, சொல்லுங்க.

பந்தல்குடியா இது? இன்னும் ஒண்ணேகால் மணி நேரம்தான் இருக்கு. ரெண்டு மணிக்கு அங்க போய் நிக்கணும். மூணு மணிக்கு நான் பத்து நிமிசம் பேசணுமாம். எதைப் பத்தின்னு நேத்தைக்கு மெயில் வந்துச்சு. “தாங்கள் எழுதிய ஐந்தாம் பகுதி எங்களை மிகவும் கவர்ந்தது. அதை விளக்கிப் பேசவும்.” அந்த ஐந்தாம் பகுதிதான் இது, மடியில இருக்கே.

எல்லாம் புரிஞ்சுட்டு. இந்த ஒரு எடம்தான். கேளுங்க, வாசிக்கேன். இரும்புக்கு மேல வெள்ளீயம் பூசுறோம், பிஸ்கட்டு டின்னு மாதிரி. அதுல கீறல் விழுந்தா இரும்பு முன்னைவிட வேகமாத் துருப்பிடிக்குமாம். அதே இரும்புல துத்தநாகம் பூசினா, கீறல் விழுந்தாலும் இரும்புக்கு ஒண்ணும் ஆகாதாம். ரெண்டும் பூச்சுதானே? ரெண்டுலயும் கீறல்தானே? ஒண்ணு கைவிடுது, ஒண்ணு விடல. ஏன்னு கீழ எழுதியிருக்கான், எலக்ட்ரானை யாரு குடுக்கா, யாரு வாங்குதான்னு. எனக்கு அங்கதான் எப்பவும் தடுமாறும். இதைத்தான் கேப்பாங்க. கேட்டா முழிப்பேன். முழிச்சா அங்கேயே தெரிஞ்சு போயிரும், எழுதினது நான் இல்லன்னு.

பேச்சியைக் கேட்டேன். “அவனைக் கேளு”ன்னு வச்சுட்டா.

அக்கா, ஒரு உதவி. உங்க போனைக் கொஞ்சம் தாரீங்களா? என் நம்பர்னா அவன் எடுக்க மாட்டான். எடுப்பானோ என்னவோ, நான் கூப்பிட மாட்டேன். நம்பரு எனக்கு மனப்பாடம். போட்டுத் தாரேன், நீங்க பேசுங்க. நீங்க யாரோ ஒரு டீச்சருன்னு சொல்லுங்க. களஞ்சியத்துல கட்டுரையைப் பாத்தேன், இந்த எடம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கணும், ஒரு சந்தேகம்னு கேளுங்க. என் பேரு மட்டும் வேண்டாம். சொல்லிராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

ரிங்கு போகுதா?

எடுத்துட்டானா? கேளுங்க, துத்தநாகம்னு கேளுங்க. ஆங், வெள்ளீயமும்.

என்ன சொல்லுதான்? என்னக்கா, ஏன் என்னைப் பாக்கீங்க?

சாப்பிட்டாச்சான்னு கேக்கானா? உங்களையா?

என்னையா? நீங்க என் பேரைச் சொல்லவே இல்லையே. நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன், சொல்லலையே. எப்படித் தெரிஞ்சுது அவனுக்கு? இந்த ஒரு எடத்துல நான் முட்டுவேன்னு தெரிஞ்சு வச்சிருக்கான் பாருங்க, எவ்வளவு திமிரு.

பேப்பரு எடுத்துக்கிடச் சொல்லுதானா. இருக்கச் சொல்லுங்க, பேனாவைத் தேடுதேன். மெதுவாச் சொல்லச் சொல்லுங்க. பஸ்ஸு ஆடுது, எழுத வரலன்னு சொல்லுங்க.

சொல்லுங்கக்கா. முதல்ல இதை எழுதிக்கிடுதேன். அவனை அப்புறம் வச்சுக்கிடுதேன்.